மூன்றில் நல்லது

1

இந்தக் கதை எனக்கு வந்திருக்கவே கூடாது. வேறொருவருக்குப் போக வேண்டியது, கை தவறி என் கைபேசிக்கு வந்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நானே தேடிக் கண்டுபிடித்த மாதிரி பீற்றிக்கொள்ளத் தோன்றலாம்.

என் புத்தகத்தின் பின்னட்டைக்கு ஒரு படம் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டிருந்தார். தெருமுனையில் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். போய் உட்கார்ந்து எடுத்துக்கொண்டேன். "சாயங்காலம் போன்ல அனுப்பிடுறேன் மேடம்" என்றார் அந்த அம்மா.

சாயங்காலம் மூன்று படங்கள் வந்தன. திறந்து பார்த்தால் ஒன்றிலும் நான் இல்லை. மூன்றிலும் இருந்தது ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. முதல் படத்தில் அதன் சின்னத் திரையில் 166. இரண்டாவதில் 108. மூன்றாவதில் 134. (ஒவ்வொன்றுக்கும் கீழே இன்னொரு எண் இருந்தது. அதை விட்டுவிடுகிறேன். எண்கள் கூடினால் நீங்கள் கணக்குப் பாடம் என்று நினைத்து எழுந்து போய்விடுவீர்கள்.) படங்கள் என்னவோ அருமையாக இருந்தன. கருவிக்குப் பின்னால் வெள்ளைத் துணி, பக்கவாட்டிலிருந்து மெல்லிய வெளிச்சம், நிழல் விழாத ஓரங்கள். இவ்வளவு சிரத்தையாக என் முகத்தை யாரும் படம் எடுத்ததில்லை.

அதே நேரத்தில், ஊரின் இன்னொரு மூலையில் ஒரு டாக்டர் தன் கைபேசியைத் திறந்து மூன்று முறை என்னைப் பார்த்திருக்கிறார். முகவாயைத் தூக்கிய நான், முகவாயைத் தாழ்த்திய நான், பல் தெரிந்துவிட்ட நான். அவர் ஸ்டூடியோவுக்குப் பதில் அனுப்பினார்: "யார் இவங்க? இவங்களுக்கு என்ன?"

இந்தக் கேள்வியைப் பற்றி நான் கொஞ்சநேரம் யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

போட்டோக்காரரின் இதயம் அன்று காலை வழக்கத்தைவிட வேகமாக

இத்தோடு நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கினால் மூன்றாம் பக்கத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாக வேண்டும். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

இரண்டாம் முயற்சி:

நீரிழிவு உள்ளவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது நாம் அறிந்ததே. ஆனால் ரத்த அழுத்தம் ஏறி ஏறி இறங்குவதும்கூட

இது மருத்துவமனைச் சுவரில் ஒட்டுகிற சமாச்சாரம். யாரும் நின்று படிப்பதில்லை. அதற்குக் கீழே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவார்கள்.

மூன்றாம் முயற்சி:

அவர்கள் இருவரும் மூன்று எடுத்து ஒன்று கொடுப்பவர்கள்.

இது நிற்கும். இதிலிருந்து போகலாம்.

அவர்கள் இருவரும் மூன்று எடுத்து ஒன்று கொடுப்பவர்கள். அடையாள அட்டைக்கு ஒரு படம் என்று வந்து நின்றாலும் மூன்று எடுப்பார் போட்டோக்காரர். ஒன்றில் கண் மூடியிருக்கும். ஒன்றில் தோள் சாய்ந்திருக்கும். எஞ்சியதை அவர் மனைவி கணினியில் ஏற்றி, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையைத் தணித்து, கலைந்த முடியை ஒதுக்கி, வாங்கிப் போகிறவர் "நானா இது!" என்று கேட்கும்படி செய்து கொடுப்பாள். மச்சத்தில் மட்டும் கை வைக்க மாட்டாள், கேட்டுக்கொண்டால் ஒழிய. அக்கம்பக்கத்தில் அவளுக்கு டச்சப் அக்கா என்று பெயர். *

அவருக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. ஸ்டூடியோவில் பிலிம் சுருள் போய் டிஜிட்டல் வந்த சமயத்தில் வந்தது. "ரெண்டு செலவும் ஒண்ணா வந்துச்சு" என்பார். பிரஷர் அதற்கப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. டாக்டர் சொல்லியிருந்தார்: "வீட்டிலேயே தினமும் பிரஷர் பாருங்க. மெஷினைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்க."

படம் எடுக்க இவர்களுக்கா சொல்லித்தர வேண்டும்? காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் கடை ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் ஒன்று. மூன்றில் நல்லது டாக்டருக்குப் போகும். மற்றவை அழிந்துவிடும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்கள் தொழிலில் வேலை என்றாலே அதுதான்.

* நேரில் எனக்கு அவர் "அவர்"தான். கதைக்குள் வந்ததும் "அவள்" ஆகிவிட்டாள். பெண்களைக் கதைக்குள் அழைக்கும்போது வாசலிலேயே இந்த மரியாதையைக் கழற்றிவிடுகிறோம். உறுத்தியதால் அவரிடமே கேட்டேன். "அவளே இருக்கட்டும் மேடம். எழுதினவங்க பக்கத்துல உக்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார். அனுமதி வாங்கியாகிவிட்டது.

3

மறுநாள் காலை ஸ்டூடியோவுக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஐயோ மேடம், தப்பா வந்துடுச்சு. நல்லதைப் பொறுக்கறதுக்கு முன்னாடியே மூணு மூணாப் போயிடுச்சு. போன்ல உங்க பேரும் டாக்டர் பேரும் மேலும் கீழுமா இருந்துச்சு, மாத்தி அமுக்கிட்டேன். அழிச்சிடுங்க."

"உங்க படம் டாக்டருக்குப் போயிடுச்சு மேடம்" என்றார் போட்டோக்காரர், நாற்காலியில் ஏறி நின்று திரைச்சீலையை மாட்டிக்கொண்டே. "பார்த்துட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? கொஞ்சம் ரத்தம் கம்மியா இருக்காம்."

"சும்மா இருங்க! அப்படியெல்லாம் சொல்லலை மேடம்."

"லைட்டு நான் சரியாத்தான் வச்சேன். ரத்தம் அவங்கதான் கொண்டுவரணும்."

"முதல்ல நாற்காலியை விட்டு இறங்குங்க. விழுந்து வச்சீங்கன்னா அதையும் நான்தான் சரிபண்ணணும்."

அவர் இறங்கினார். இறங்கியவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார். பையிலிருந்து சின்னத் துணியை எடுத்துக் கேமராவின் லென்ஸைத் துடைத்தார். சுத்தமான லென்ஸ்தான். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

நான் அவளிடம் கேட்டேன். "அக்கா, அந்த மூணும் ஒரே நாள் எடுத்ததா?"

"ஒரே நாள்தான். அவருக்கு அப்படித்தான் மேடம், ஏறும், இறங்கும். நல்லது எதுவோ அதை அனுப்பிடுவோம்."

"மத்த ரெண்டு?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "கண்ணு மூடின படத்தை யாராவது கஸ்டமர் கையில கொடுப்பாங்களா?"

என் வீட்டிலும் சர்க்கரை உண்டு; எனக்கே உண்டு. அந்தக் கருவியும் உண்டு. 166க்கும் 108க்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆனால் அதைச் சொல்ல நான் யார்? படம் வாங்க வந்தவள். "கண்ணு மூடினாலும் அது அவர்தானே அக்கா" என்று மட்டும் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே அது கதையில் வரும் வசனம் மாதிரி இருந்தது. வெட்கமாகிவிட்டது. என் படத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

4

இந்தப் பகுதியில் நான் இல்லை. அதனால் இதைத்தான் அதிகம் திருத்தினேன்.

நான் போன பிறகு, டாக்டரிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. "நேத்து அனுப்பினது வேற யாரோட படமோ. சரியானதை அனுப்புங்க." அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மூன்று படங்களும் வரிசையாக இருந்தன. நடுவில் 108, வெளிச்சத்தில் பளிச்சென்று.

(முதல் வரைவில் இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் அழுகிற ஆள் இல்லை. எழுதத் தெரியாமல் திணறும்போதுதான் நான் பெண்களை அழவைக்கிறேன்.)

அவளுக்கு அந்தக் கணத்தில் தோன்றியது என்னவென்றால்

இல்லை. யாருக்கும் எதுவும் "என்னவென்றால்" என்று தோன்றுவதில்லை. அவளுக்கு முதலில் என் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவளே உட்கார்ந்து சீராக்கிய முகம். கண்ணுக்குக் கீழே கருமை இல்லை, நெற்றியில் கோடு இல்லை. அப்படிப்பட்ட முகத்தைப் பார்த்துவிட்டு அந்த டாக்டர் கேட்டது, "இவங்களுக்கு என்ன?"

இத்தனை காலம் கணவருடைய எண்ணை அனுப்பியிருக்கிறாள். ஒரு முறைகூட டாக்டர் "இவருக்கு என்ன?" என்று கேட்டதில்லை. கட்டைவிரல் ஒன்றைத் தூக்கி அனுப்புவார், அவ்வளவுதான். எப்படிக் கேட்பார்? கேட்கும்படியாக எதையும் இவள் அனுப்பவே இல்லையே.

அதற்கு அடுத்ததாக அவள் நினைத்ததை அவளே என்னிடம் சொன்னாள், வெகு நாள் கழித்து. நல்ல எண்ணை யாருக்காகத் தேர்ந்தெடுத்தாள் என்று யோசித்தாளாம். டாக்டருக்காக என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அனுப்பி முடித்ததும் உடம்பு லேசானது யாருக்கு? அன்று நிம்மதியாகச் சாப்பிட்டது யார்? "அந்த நூத்தியெட்டு அவரோடது இல்ல மேடம், என்னோடது" என்றாள். "காலையில நூத்தி அறுபத்தாறைப் பார்த்ததும் சாப்பாடு இறங்காது. அந்த எண்ணை இறக்கத்தான் சாயங்காலம்வரைக்கும் அவர் கையில மெஷினைக் கட்டிக்கிட்டே இருந்தேன்."

கடையின் பின்பக்கம் அவர் ஏதோ மெட்டைச் சீட்டி அடித்துக்கொண்டிருந்தார். அவள் மூன்று படங்களையும் தொட்டாள். அனுப்பிவிட்டாள்.

"என்னங்க, அனுப்பிட்டேன்."

"நல்லதுதானே?"

"எல்லாத்தையும்."

சீட்டி நின்றது. அவர் வெளியே வந்து பார்த்தார்.

"எல்லாத்தையுமா?"

"ம்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார். போட்டோக்காரர் மூன்றாவது படத்தை எடுக்க மறந்துவிட்டு, அவரைக் கூப்பிட்டு மறுபடி உட்காரவைத்தார்.

டாக்டரிடமிருந்து இந்த முறை கட்டைவிரல் வரவில்லை. "நாளைக்கு ரெண்டு பேரும் நேர்ல வாங்க" என்று வந்தது.

5

டாக்டர் அறையில் நடந்ததை எனக்கு இருவரும் சேர்ந்து சொன்னார்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் மறுக்க, இருவரும் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

டாக்டர் இவர்களைவிட வயதில் மிகவும் சின்னவர். குட்டையான முடி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், மேசைமேல் பாதி குடித்த டீ. கைபேசியைத் திருப்பி அவர்களிடம் காட்டினார்.

"இது மூணும் ஒரே நாளா?"

"ஒரே நாள்தான் டாக்டர்" என்றாள்.

"அப்போ இதுவரைக்கும் எனக்கு வந்ததெல்லாம்?"

"மூணுல நல்லது."

டாக்டர் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "உங்களுக்கு இங்கே வந்தா மட்டும் பிரஷர் கூடுதேன்னு நான் மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன்."

"உங்களைப் பார்த்தா ஏறுது டாக்டர்" என்றார் போட்டோக்காரர்.

"என்னைப் பார்க்காத அன்னைக்கும் ஏறியிருக்கே? மாத்திரை தினமும் போடுறீங்களா?"

"போடுறேன்."

அவளும் தலையாட்டினாள். காலை டீக்குப் பக்கத்தில் மாத்திரையைத் தினமும் எடுத்து வைப்பதே அவள்தான். சர்க்கரை மாத்திரை ஒன்று, பிரஷர் மாத்திரை ஒன்று.

"தினமுமா?" என்றார் டாக்டர் மறுபடி.

போட்டோக்காரர் கூரையைப் பார்த்தார். "சுகர் மாத்திரை தினமும். பிரஷர் மாத்திரை... காலையில மெஷின்ல நல்லா வந்துட்டா, எதுக்கு வீணான்னு..."

இந்த இடத்தில் அவள் அவரைப் பார்த்த பார்வையை எழுத நான்கு முறை முயன்றேன். நான்கும் சரியில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் எடுத்து வைத்தவள் அவள்.

"அப்போ நான் வச்ச மாத்திரை எங்கே போச்சு?"

"தூக்கிப் போடலை. பழைய பிலிம் டப்பாவுல சேர்த்து வச்சிருக்கேன்."

"சேர்த்து வச்சு?"

"தேவைப்படும்போது..."

"ரெண்டு ரெண்டா போடலாம்னா?" என்று கேட்டார் டாக்டர். போட்டோக்காரர் மறுபடி கூரையைப் பார்த்தார். போட்டிருக்கிறார் என்று அர்த்தம். எண் மோசமான நாட்களில் இரண்டு. எண் நன்றாக இருந்த நாட்களில் ஒன்றுகூட இல்லை.

"குனிஞ்சு எழுந்தா கண்ணு இருட்டுதா?"

"எப்பவாவது. லென்ஸ் துடைக்கிற மாதிரி கொஞ்சம் நின்னா சரியாயிடும்."

"லென்ஸ் துடைக்கிறதே அதுக்குத்தானா?" என்றாள் அவள். அவள் குரல் உயரவில்லை. அவருக்கு அதுதான் பயமாக இருந்ததாம்.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "கடையில ஷட்டர் இருக்கா?"

"இருக்கு."

"அதைச் சும்மா சும்மா ஏத்தி ஏத்தி இறக்கினா?"

"ஸ்பிரிங் போயிடும்."

"அதான். ரத்தக் குழாயும் அப்படித்தான். உங்களுக்குப் பல வருஷமா சுகர். குழாய் ஏற்கெனவே கொஞ்சம் விறைச்சுப் போயிருக்கும். அதுல பிரஷர் இன்னைக்கு ஏறி நாளைக்கு இறங்கினா ஹார்ட்டுக்கு அது தனிப் பாரம். மூணையும் கூட்டி மூணால வகுத்தா உங்க கணக்கு பெரிசா பயமுறுத்தாது. அப்படிப் பார்த்தா நானே ஏமாந்திருப்பேன். அதனாலதான் எனக்கு எல்லாமும் வேணும். நல்லதைவிட நல்லா இல்லாததுதான் எனக்கு வேலைக்கு ஆகும்."

"எங்க தொழில்ல நேர் எதிர் டாக்டர்."

"தெரியுது. படமெல்லாம் பிரமாதமா இருந்துச்சு. ஒரு பி.பி. மெஷினுக்கு இவ்வளவு அழகான படத்தை நான் பார்த்ததே இல்ல."

வெளியே வரும்போது இரண்டு சீட்டுகள் எழுதிக் கொடுத்திருந்தார். இதயத்துக்கு ஒரு ஸ்கேன். அதற்கு முன்னால், ஒரு நாள் முழுக்க உடம்பிலேயே மாட்டியிருக்கும் ஒரு பிரஷர் மெஷின்.

படிக்கட்டில் இறங்கும்போது அவர் சொன்னார். "கோவமா?"

"இல்ல."

"கோவம்தான்."

"நீங்க மாத்திரையை ஒளிச்சீங்க. நான் எண்ணை ஒளிச்சேன். யாரு மேல கோவப்படுறது? பார்த்து இறங்குங்க, கைப்பிடியைப் பிடிங்க."

அவர் பிடித்தார். லென்ஸ் இல்லாததால் வேறு எதுவும் செய்ய வழியில்லை.

6

அந்த மெஷின் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு குழாய் சட்டைக்குள் ஏறி, தோளுக்குக் கீழே கையில் சுற்றிய பட்டையில் முடிகிறது. அரை மணிக்கு ஒருமுறை தானாகக் காற்றடித்துக் கையை இறுக்கும். இறுக்கும்போது கை அசையக் கூடாது.

அன்று நான் ஸ்டூடியோவில் இருந்தேன். பதிப்பாளருக்கு என் படம் பிடிக்கவில்லை. ரொம்ப வழவழவென்று இருக்கிறதாம். இன்னொன்று எடுக்கச் சொல்லியிருந்தார். நியாயம்தான்.

"இதுல திரையே இல்ல மேடம்" என்று போட்டோக்காரர் என்னிடம் புகார் சொன்னார். "என்ன எண்ணு வருதுன்னே தெரியலை. பார்க்காம எப்படி நல்லதை எடுக்கிறது?"

எனக்கு முன்னால் ஒரு குடும்பம் இருந்தது. அப்பா, அம்மா, கைக்குழந்தை. குழந்தையைச் சிரிக்கவைக்க அவர் கிலுகிலுப்பையை ஆட்டினார். குழந்தை சிரிக்க வாயைத் திறந்த கணத்தில் பெட்டி முனகத் தொடங்கியது. அவர் அப்படியே நின்றுவிட்டார். கிலுகிலுப்பை ஒரு கையில், மறுகை தொங்க, கண் மட்டும் அசைய.

"ஏம்மா! எடு! சிரிக்குது, எடு!"

"நானா?"

"கேமரா உன் பக்கத்துலதானே இருக்கு! கொஞ்சம் இடதுபக்கம் போ. அந்தம்மா தோளை..."

"நீங்க பேசாதீங்க. பேசினாலும் அசையுறதுதான்."

நாள் முழுக்க ஊரையே "அசையாதீங்க" என்று அதட்டுபவர் வாயை மூடிக்கொண்டார். அவள் கேமராவைத் தூக்கினாள். எத்தனையோ முகங்களைத் திருத்தியவள் முதன்முறையாக ஒரு முகத்தை எடுக்கிறாள். ஒன்றுதான் எடுத்தாள். குழந்தை சிலைபோல் நிற்கும் இந்த ஆளைப் பார்த்து இன்னும் பலமாகச் சிரித்தது. அம்மாவும் சிரித்துவிட்டாள். அப்பாவின் கண் பாதி மூடியிருந்தது.

அந்தக் குடும்பம் அந்தப் படத்தைத்தான் கேட்டது. "திருத்த வேண்டாம்க்கா, அப்படியே கொடுங்க."

போட்டோக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பொறாமையும் பெருமையும் மாறி மாறி வந்தன. (இந்த ஏற்ற இறக்கத்தை மெஷின் பதிவுசெய்ததா என்று தெரியவில்லை.)

7

இப்போது எனக்கு ஒரு சிக்கல்.

கதைக்கு ஏற்ற இறக்கம் வேண்டும். ஓர் அமைதியான வாக்கியத்துக்குப் பிறகு ஓர் அதிர்ச்சி. அதற்குப் பிறகு ஒரு தணிவு. திரும்பவும் ஓர் ஏற்றம். படிப்பவரின் நாடி எகிற வேண்டும் என்றுதான் எனக்குப் பழக்கம். ஆனால் இந்தக் கதையின் மனிதருக்கு ஆகாதது அது ஒன்றுதான். நான் எழுதும் ஒவ்வொரு திருப்பமும் அவருடைய குழாய்களில் போய்த்தான் முட்டும். இப்படி ஒரு கதாபாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஸ்கேன் எடுப்பதற்கு முன்னாலேயே மூன்று முடிவுகள் எழுதிவிட்டேன். அவற்றை அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் யாருடைய நெற்றியிலோ விழுந்த முடியை மௌஸால் ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்.

முதல் முடிவு: ஸ்கேன் நாள் காலையில், ஷட்டரை ஏற்றும்போது, அவர்

"நல்லா இருக்கு மேடம்" என்றாள் அவள், நான் முடிக்கும் முன்பே. "ஆனா வேற யாரையாவது சாகடிங்க."

இரண்டாவது முடிவு: எல்லாம் சரியாகிவிட்டது. இதயத்தில் ஒரு குறையும் இல்லை. டாக்டர் கைகொடுக்கிறார்.

"இது டச்சப்" என்றாள். மௌஸை விட்டுக் கையை எடுத்து என்னைப் பார்த்தாள். "இதுல நான் ஏமாற மாட்டேன். என் வேலையே இதுதானே."

மூன்றாவது முடிவு: யாரும் எதிர்பாராத திருப்பமாக, நோய் அவருக்கு அல்ல, அவளுக்கு

பின்பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. "இவளுக்குப் பிரஷரா? இவதான் மேடம் எனக்கு ஏத்துறவ!"

"பார்த்தீங்களா, ஒட்டுக் கேக்குறாரு."

"என் கதைதானே. கேக்கக் கூடாதா?"

"உங்க கதை இல்ல" என்றாள் அவள். "படம் போனது என் கையில இருந்து."

நான் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் போலிருந்தது. "பயமா இருக்கா அக்கா?"

அவள் யோசித்தாள். "காலையில மெஷினைக் கட்டும்போது இருக்கு. அப்புறம் எண்ணு வருது. எந்த எண்ணா இருந்தாலும் அனுப்பிடுறேன். அனுப்பினதும் அது என் தலையில இல்ல. முன்னாடி நல்ல எண்ணு வர்றவரைக்கும் நாள் முழுக்க சுமந்துக்கிட்டுத் திரிவேன் மேடம். இப்ப பயம் சின்னதாயிடுச்சு." பிறகு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆனா இருக்கு."

8

ஸ்கேன் முடிவு வந்தது. இதயத்தின் ஒரு பக்கச் சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது. அழுத்தத்தோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அப்படி ஆகியிருக்கிறது என்றார் டாக்டர். "ஆரம்பம்தான். இத்தோட நிறுத்த முடியும். ஆனா அது என் கையில மட்டும் இல்ல." மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். எண் நன்றாக இருந்தாலும் ஒன்று, மோசமாக இருந்தாலும் ஒன்று. சேர்த்து வைக்கக் கூடாது. படுக்கையிலிருந்து எழுந்தால் முதலில் உட்கார்ந்து, பிறகு நிற்க வேண்டும். சர்க்கரையைச் சர்க்கரைக்காக மட்டும் பார்க்காதீர்கள், இதயத்துக்காகவும் பாருங்கள் என்று கடைசியாகச் சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். எச்சரித்துவிடுகிறேன்: ஒன்றுமே நடக்கவில்லை.

போட்டோக்காரர் கருவிக்குப் பின்னால் வெள்ளைத் துணி விரிப்பதை நிறுத்திவிட்டார். படத்தில் மேசைமேல் இருக்கும் கத்தரிக்கோலும், பாதி தெரியும் டீ டம்ளரும் வந்துவிடுகின்றன. சில படங்கள் கொஞ்சம் கலங்கலாகவே போகின்றன. டாக்டர் ஒரு நாள் "ஃபோகஸ் போச்சே" என்று அனுப்பினார். "எண்ணு தெரியுதா இல்லையா?" என்று போட்டோக்காரர் பதிலுக்குக் கேட்டார். தெரிகிறது. எண்கள் ஒன்றையொன்று நெருங்கிவருகின்றன. ஒவ்வொரு நாளும் அல்ல; ஒரு கல்யாண வரவேற்பைப் படம் எடுத்துவிட்டு வந்த அன்று எகிறியது. அதையும் அனுப்பினாள்.

மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாதபோது இருவரும் தெருவின் கடைசிவரை நடந்துவிட்டு வருகிறார்கள். அவர் வழியில் பார்க்கிறவர்களின் முகத்துக்கெல்லாம் வெளிச்சம் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டு வருவார். அவள் "மெதுவா நடங்க" என்பாள். அவர் மெதுவாகத்தான் நடந்துகொண்டிருப்பார். இதற்காக ஒரு சின்னச் சண்டை. திரும்பி வந்தால் டீ. சர்க்கரை இல்லாமல். முகத்தைச் சுளித்துக்கொண்டே முழு டம்ளரையும் குடித்துவிடுவார்.

போன வாரம் நான் போனபோது அவள் கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கணினியில் உட்கார்ந்து யாருடைய மூக்கையோ கெடுத்துக்கொண்டிருந்தார். "விடுங்க, அது மச்சம்!" என்று அவள் அங்கிருந்தே கத்தினாள். "அழுக்குன்னு நினைச்சேன்" என்றார். அந்த வாடிக்கையாளர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு அலுக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். அடுத்த வரியில் என்ன குண்டைப் போடலாம் என்று தேடாமல் எழுதுவது எனக்குப் புதிது. என் கை மெதுவாகப் போகிறது. என் கருவியில் என் எண்ணும்கூட, நம்புங்கள், கொஞ்சம்

இல்லை, அது வேறு கதை.

நான் முடிவு எழுதப் போவதில்லை. எழுதினால் எனக்கு ஏற்றவோ இறக்கவோ கை துறுதுறுக்கும். என்னை எனக்குத் தெரியும். அதனால் அவர்களை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். நீங்கள் என்னைவிட நிதானமானவராக இருக்கலாம். காலை நேரம். ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது. வாடிக்கையாளர் யாரும் இன்னும் வரவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளங்கையில் மாத்திரை இருக்கிறது. அவள் தண்ணீர் எடுத்துவர உள்ளே போயிருக்கிறாள்.

இந்தக் கதையில் இதற்கு மேல் ஏதாவது நடந்தே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், நடக்கட்டும். நான் தடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து நடக்கட்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். அவள் டம்ளரோடு வந்துவிடட்டும். அவர் மாத்திரையை விழுங்கட்டும்.